செயலியா, குரலா, நேரில் போவதா? அரிவாள் செல் நோயுள்ள பிள்ளையின் நாட்பட்ட வலிக்கு வன்னியில் எது சரிவரும்

பிள்ளைக்கு அரிவாள் செல் நோய் என்று தெரிந்து வருடங்களாகிவிட்டன. மருந்து ஒழுங்காகப் போகிறது. ஆனாலும் வலி விட்டபாடில்லை. இடுப்பில், தொடையில், முதுகில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் உளைவு. கிளினிக்கில் டொக்டர், "வலியைச் சமாளிக்கிற பயிற்சிகள் இருக்குது, இப்ப போனிலேயே செய்யலாம்" என்கிறார். வீட்டுக்கு வந்து தேடினால் செயலிகள் வரிசையாக வருகின்றன, எல்லாம் ஆங்கிலத்தில். எதை எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுச் சில குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. நான் டொக்டர் இல்லை, இலங்கையின் வடக்கில் வன்னியில் உளவளத்துணை செய்கிறவன். மருந்து விசயத்தில் உங்கள் கிளினிக் சொல்வதுதான் முடிவு. பயிற்சி விசயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிற பரம்பரை நோய் இது. இன்னொரு பரம்பரை இரத்த நோயான தலசீமியா என்றால் இங்கே பலருக்கும் தெரியும், குருநாகலில் அதற்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது. அரிவாள் செல் என்றால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிலர் "என்ன, என்ன?" என்று திரும்பக் கேட்பார்கள். இலங்கையில் கண்டறியப்பட்டவர்களில் கணிசமானோருக்கு இருப்பது இரண்டும் சேர்ந்த வடிவம். தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து அரிவாள் செல் மரபணுவும் மற்றவரிடமிருந்து பீற்றா தலசீமியா மரபணுவும் பிள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கும். அதனால் ஊரில் "தலசீமியாப் பிள்ளை" என்று பேர். தலசீமியாவில் பெரிய பாடு இரத்தம் ஏற்றுவது. அரிவாள் செல்லில் பெரிய பாடு வலி. இந்த வேறுபாடு தெரியாத சொந்தக்காரரும் ஆசிரியரும் பிள்ளை சாட்டுச் சொல்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வலியும் இரண்டு வகை. வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் சின்ன இரத்தக் குழாய்களை அடைக்கும்போது திடீரென்று வரும் கடும் வலி ஒன்று. அதற்கு ஆஸ்பத்திரிதான். மற்றது நாட்பட்ட வலி, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்துகொண்டே இருப்பது. தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்தம் கிடைக்காமல் பழுதாகிப் போவதாலும் அது வரலாம். வருடக்கணக்காக வலித்த உடம்பில் நரம்புகள் சின்னத் தொடுகைக்கும் கத்தப் பழகிவிடுவதாலும் வரலாம். அமெரிக்காவில் 232 வளர்ந்த நோயாளர்களிடம் தினமும் குறிப்பெழுத வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2008 இல் வந்தது. குறிப்பெழுதிய நாட்களில் பாதிக்கு மேல் வலி நாட்கள், அதில் பெரும்பகுதியை அவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல் வீட்டிலேயே அனுபவித்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான். கிளினிக் கொப்பியில் அந்த நாட்கள் ஏறுவதே இல்லை.

இந்த இரண்டாவது வலிக்குத்தான் நடத்தைச் சிகிச்சை. மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, வலி வரும்போது ஓடுகிற எண்ணங்களைப் பிடித்துப் பார்ப்பது, வேலையை அளவாகப் பிரித்துச் செய்வது, நித்திரையை ஒழுங்குபடுத்துவது, இவைதான் அதன் உள்ளடக்கம். சிவப்பணு வளைவதை இது நிறுத்தாது. வலி பிள்ளையின் நாளை எவ்வளவு தின்கிறது என்பதைக் குறைக்கும். அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யலாம் என்ற இடத்தில்தான் இதை வைக்கிறது. ஆகவே வலித் தாக்கங்களைக் குறைக்கிற ஹைட்ரொக்சியூரியா என்ற மருந்தைப் பற்றி உங்கள் டொக்டருடன் இன்னும் கதைக்கவில்லை என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதை முதலில் கதையுங்கள். இடுப்பு எலும்பைப் படம் எடுத்துப் பார்க்காமல் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதும் தப்பு.

இனித் தெரிவுகளுக்கு வருவோம். முதலாவது செயலி. இந்த நோயுள்ள இளம்பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்டவற்றில் ஒன்று, ரொறன்ரோ சிறுவர் ஆஸ்பத்திரியின் ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய ஐகேன்கோப். 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்தது. பிள்ளை ஒவ்வொரு நாளும் வலி, மனநிலை, நித்திரை, உடல் அசைவு ஆகியவற்றைப் பதிகிறது. "இந்தக் கிழமை மூன்று நாள் நடப்பேன்" என்பது மாதிரிச் சின்ன இலக்கு வைக்கிறது. நல்ல வேலைதான். பதின்ம வயதுப் பிள்ளைக்குப் போன் பிடிக்கும், தாய் தகப்பன் சொன்னால் கேட்காததைத் திரை சொன்னால் கேட்கும், வெளியூர் போகத் தேவையில்லை.

அதை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். முதல் தடை மொழி. ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளைகூட, வலிக்கிற நேரத்தில் ஆங்கிலத்தில் மனதைத் தளர்த்தாது. இரண்டாவது தடை போன் யாருடையது என்பது. பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது அப்பாவோடு வயலுக்கோ மேசன் வேலைக்கோ போய்விடும், பிள்ளையின் கைக்கு வரும்போது இரவு எட்டு மணி. காலையில் எழும்பிக் கால் விறைத்து நிற்கிற நேரத்தில் செயலி வீட்டில் இல்லை. மூன்றாவது, அந்த ஒரே போனை அண்ணனும் திறப்பான், சித்தியும் திறப்பாள். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை "இன்றைக்கு அழுதேன்" என்று அதில் எழுதுவாளா? கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல் வரும் என்று நோயின் பேரையே வெளியில் சொல்லாத குடும்பங்கள் எத்தனை! நெடுங்கேணிப் பக்கம், ஒட்டுசுட்டானின் உட்பக்கம் இருப்பவர்களுக்குச் சிக்னலும் ஒரு பிரச்சினை. அது மற்ற மூன்றையும் விடச் சின்னப் பிரச்சினை என்பேன்.

பொதுவான வலிச் செயலிகளை இறக்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூட்டு வலி, முதுகு வலிக்காரருக்கு எழுதப்பட்ட அவற்றில் "ஐஸ் வையுங்கள்" என்று வரும். அரிவாள் செல் பிள்ளைக்கு ஐஸ் கூடாது, குளிர் குழாய்களைச் சுருக்கும். இளஞ்சூட்டு ஒத்தடம்தான் சரி. வாடைக்காற்றுக் காலத்தில் விடியற்புறம் கிணற்றடியில் வார்க்கிற பிள்ளைகளின் வலி நாட்களைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

இரண்டாவது தெரிவு, உளவளத்துணையாளர் ஒருவருடன் காணொளியிலோ சும்மா போன் அழைப்பிலோ கதைப்பது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து தமிழில் கதைக்கக்கூடியவர் கிடைத்தால் இது செயலியை விட எவ்வளவோ மேல். காணொளி கட்டாயமில்லை, சாதாரண அழைப்பே போதும். வீட்டில் தனியாக இருந்து கதைக்க இடமில்லாததுதான் தொல்லை. ஒரு பிள்ளை மாட்டுக்கொட்டில் பக்கம் போய் நின்று என்னோடு கதைக்கும், இடையிடையே கன்று கத்துகிற சத்தமும் கேட்கும். அதிலொன்றும் குறையில்லை, வீட்டுக்குள் இருந்து கதைத்த பிள்ளைகளை விட அது மனம் திறந்துதான் கதைத்தது. தனியார் ஆலோசனைக்குக் காசு ஒவ்வொரு முறையும் போகும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது தெரிவை யாரும் விளம்பரம் செய்வதில்லை. தமிழில் ஒலிப்பதிவு செய்த பயிற்சியைப் போனின் மெமரி கார்ட்டில் போட்டுக் கொடுத்து, பிள்ளையைத் தினமும் கேட்க வைத்து, கிழமைக்கு ஒருவர் அழைத்து விசாரிப்பது. பழைய பட்டன் போனிலும் ஓடும், டேட்டா வேண்டாம். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இதற்குப் பின்னால் ஆதாரம் உண்டு. கரன் கில் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 17 வயதுவரையான அரிவாள் செல் பிள்ளைகளுக்குச் சுருக்கமான பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, கசெற் போட்டுக் கேட்டு வீட்டில் பழகச் சொன்னார்கள். வலித்த நாட்களில் பயிற்சி செய்தபோது பாடசாலை தவறியதும் வைத்தியரை நாடியதும் வீட்டு வேலை தடைப்பட்டதும் குறைவாக இருந்தன. ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்திய கதை இது.

இன்னோர் ஆய்வு என் எண்ணத்தை அதிகம் பாதித்தது. பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று, 350 க்கு மேற்பட்ட வளர்ந்த நோயாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு டிஜிட்டல் முறையில் நடத்தைச் சிகிச்சை, மற்றதற்கு அதே மாதிரி டிஜிட்டல் முறையில் நோயைப் பற்றிய கல்வி. இரண்டு குழுவுக்கும் விசாரித்து ஊக்கப்படுத்தப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். கடைசியில் இரண்டு குழுவிலும் வலியின் தொல்லை குறைந்தது, ஒன்று மற்றதை வெல்லவில்லை. இதைப் பார்த்துச் சிகிச்சை பயனில்லை என்று சொல்வாரும் உண்டு. நான் அப்படி எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் பொதுவாக இருந்தது, மறுமுனையில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு மனிசர். விசாரிக்க ஆளில்லாத மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை, ஆய்வுக்கு எடுக்கப்பட்டவர்களும் பிள்ளைகள் இல்லை. ஆகவே இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போர் முடிந்த பிறகு வன்னியில் நாங்கள் செய்த உளசமூக வேலையில் கண்டதும் இதுதான். பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு வந்தால் அது கூரைத் தகட்டில் செருகப்பட்டுக் கிடக்கும். அடுத்த செவ்வாய் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தால் திங்கள் இரவாவது எடுத்துச் செய்திருப்பார்கள்.

ஒலிப்பதிவு என்றதும் யூடியூப்பில் கிடைப்பதை இறக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மனக்காட்சிப் பயிற்சிகளில் பாதிக்கு மேல் கடற்கரைதான் வரும். "அலை வருகிறது, மணல் சூடாக இருக்கிறது, நீங்கள் படுத்திருக்கிறீர்கள்." முல்லைத்தீவில் 2009 மே வரைக்கும் அந்த மணலில் கிடந்து உயிர் தப்பிய தாயொருவர் பக்கத்தில் இருந்து இதைக் கேட்டால் அவருடைய மனம் எங்கே போகும்? பிள்ளை அதற்குப் பிறகு பிறந்ததாக இருக்கலாம். பாய் ஒன்றுதான், அறை ஒன்றுதான், பதிவு இரண்டு பேருக்கும் கேட்கும். தாயின் மூச்சு இறுகினால் பிள்ளைக்கும் இறுகும்.

காட்சியைப் பிள்ளையிடமே கேட்டு எடுக்க வேண்டும். ஒரு பிள்ளை சொன்னது, பாலைப்பழக் காலத்தில் மாமாவின் உழவு மெசின் பெட்டியில் ஏறிக் காட்டோரம் போனதை. அதை வைத்து அவளுடைய அக்காவின் குரலில் பத்து நிமிசத்துக்குள் ஒரு பதிவு செய்தோம். "பெட்டிப் பலகையில சாய்ந்து இரு. மூச்சை மூக்கால மெல்ல இழு, வயிறு எழும்பட்டும். விடு. பழம் கையில ஒட்டுது, பிசுபிசு எண்டு இருக்குது. விரலை ஒவ்வொன்றா விரி." இடையில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை வெட்டாமல் விடச் சொல்லிப் பிள்ளை பிடிவாதம். தசையை இறுக்கித் தளர்த்துகிற பகுதியில் ஒரு கவனம் வேண்டும். வலிக்கிற காலை இறுக்கச் சொல்லக்கூடாது, கை, தோள், முகம் போதும்.

நான்காவது தெரிவு நேரில் போவது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு, இரத்தக் கிளினிக் நாளோடு சேர்த்து ஒரு திகதி கேட்கலாம். நேருக்கு நேர் கதைப்பதற்கு ஈடு இல்லை என்று நம்புகிறவன் நான். ஆனால் துணுக்காயில் இருந்தோ மல்லாவியில் இருந்தோ கிழமைக்கொரு முறை பஸ் ஏறுவது எப்படி? குலுங்குகிற பஸ்ஸில் போய், வெயிலில் வரிசையில் நின்று, திரும்பி வந்தால் அதுவே அடுத்த இரண்டு நாள் வலிக்குக் காரணமாகிவிடும். அம்மாவின் ஒருநாள் கூலியும் போய்விடும். மாதம் ஒருமுறை என்றால் தாங்கும்.

இப்படி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துத்தான் நான் சொல்வது: தமிழ் ஒலிப்பதிவும் கிழமைக்கொரு அழைப்பும் அடித்தளமாக இருக்கட்டும், கிளினிக் நாளில் மட்டும் நேரில் பாருங்கள். அழைப்பதற்கு உளவளத்துணையாளர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பயிற்சியை ஒருமுறை வடிவாகக் கேட்டுப் பழகிய ஆசிரியையோ அத்தையோ போதும், மாதமொருமுறை நிபுணர் பார்க்கும் வரைக்கும். சொந்தப் போனும் ஆங்கிலமும் இருக்கிற, ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு மட்டும் செயலியைக் குறிப்பேடாகச் சேர்க்கலாம். மற்றவர்களுக்கு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறது, யாரோடும் கதைக்கவில்லை, "இருந்து என்ன பிரயோசனம்" என்கிறது என்றால் ஒலிப்பதிவெல்லாம் பிறகு. பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 க்கு அழையுங்கள்.

எந்தத் தெரிவை எடுத்தாலும், வெளிநாட்டுச் செயலி கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்: பிள்ளை பாடசாலையில் தண்ணீர் குடிக்கிறதா? அரிவாள் செல் நோயில் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்காது, அடிக்கடி ஒன்றுக்குப் போக வரும். பாடசாலை மலசலகூடம் அசிங்கமாக இருந்தால், அல்லது பாடத்தின் நடுவே எழும்பினால் ரீச்சர் ஏசினால், பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சோளகம் வீசுகிற காலத்து வன்னி வெயிலில் உடம்பு வற்றி, பின்னேரம் வலியோடு வந்து படுக்கும். அதற்கு மூச்சுப் பயிற்சி செய்து என்ன பயன்? கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கி அதிபரிடம் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலும், கேட்காமல் எழும்பிப் போக அனுமதியும், விளையாட்டுப் பாடத்தில் இடையில் ஆறி இருக்க அனுமதியும் அதில் இருக்கட்டும். நான் பார்த்த இலக்குகளிலேயே அதிகம் பயன் தந்தது இந்தக் கடிதம்தான்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அம்மம்மா மணிக்கொரு தரம் "நோகுதோ பிள்ளை?" என்று கேட்பது அன்புதான். ஒவ்வொரு கேள்வியும் பிள்ளையின் கவனத்தை வலிக்கே திருப்பிக் கொண்டுபோகும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று கேட்டால் போதும், இடையில் வேறு கதை கதையுங்கள். நல்ல நாள் வந்தவுடன் விட்ட ரியூசன், துவையல், சைக்கிள் ஓட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடித்து, அடுத்த மூன்று நாள் படுக்கிற பழக்கத்தையும் கவனியுங்கள். ரியூசனுக்குப் பாதித் தூரம் சைக்கிளில், பாதித் தூரம் உருட்டிக்கொண்டு நடந்து என்று, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு. பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். நல்ல நாளில் நிறுத்தச் சொன்னால் கோபம் வரும்.

பயிற்சி நடக்கிறதே என்று ஆபத்துக் குறிகளை விட்டுவிடாதீர்கள். 38.5 பாகை செல்சியசைத் தாண்டிய காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு எடுக்கக் கஷ்டம், ஒரு பக்கம் கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது, இடது விலாவுக்குக் கீழே வயிறு வீங்குவது, வழக்கத்துக்கு மாறான கடும் வலி, இவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு ஆணுறுப்பு வலியோடு விறைத்து நிற்பதும் இந்த நோயில் வரும். நான்கு மணித்தியாலத்தைத் தாண்டவிடக்கூடாது. வெட்கத்தில் மறைப்பார்கள், அப்பாவோ மாமாவோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொடங்கிய தெரிவை எட்டுக் கிழமையாவது விடாமல் செய்து பாருங்கள். கொப்பியில் வலிக்கு எத்தனை புள்ளி என்று எழுதுவதை விட, பாடசாலை போன நாள், இரவில் எழும்பிய தடவை, கூட்டாளியோடு வெளியில் போனது, இந்த மூன்றையும் எழுதுங்கள். வலிப் புள்ளி அப்படியே நின்றாலும் இவை நகர்ந்தால் பயிற்சி வேலை செய்கிறது. மூன்றில் ஒன்றும் நகரவில்லையென்றால் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்து, மருந்தையும் இடுப்பையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.